120 ரூபாய்க்கு போன மூணு ஃபேன்

எங்க பில்டிங் ரீடெவலப்மென்ட்டுக்கு போயிருச்சு. மும்பை செம்பூர்ல பழைய பில்டிங்னா ரெண்டே வகைதான், ஒண்ணு இடிச்சாச்சு, இல்லேன்னா இடிக்கப் போறாங்க. எங்களுது மூணு மாடி, லிஃப்ட் கிடையாது, நான் பொறந்ததுலேருந்து இருந்த வீடு, அதைப்பத்தி இன்னொரு நாள் அழுதுக்கிறேன், இன்னைக்கு விஷயம் வேற. வீடு காலி பண்றப்போதான் தெரிஞ்சுது இந்த தம்மாத்தூண்டு வீட்டுக்குள்ள எவ்ளோ உலோகம் ஒளிஞ்சிருக்குன்னு. ஜன்னல் கிரில், இரும்பு பீரோ, பரண்ல பித்தளை அண்டா, அம்மா பம்பாய் வந்த புதுசுல வாங்குன கெரசின் ஸ்டவ், கைப்பிடி போன குக்கர் மூணு (ஒரு நாள் சரி பண்ணலாம்னு 1998லேருந்து வச்சிருக்காங்க), கார்ப்பரேஷன் தண்ணி காலைல ஒரு மணி நேரம்தான் வந்த காலத்து டிரம் ரெண்டு.

கேட்டுக்கு வெளியில எப்பவும் நாலு தள்ளுவண்டி நிக்கும். ஊர்ல பழைய ஈயம் பித்தளைக்கு பேரீச்சம்பழம்னு ராகம் போட்டு கூவுவாங்க, இங்க "பங்கார்ர்ர்"னு ஒரே வார்த்தை, பழைய சாமான்னு அர்த்தம், அவ்ளோதான். ஒரு பில்டிங் காலி ஆகுதுன்னா அந்த ஏரியா பங்கார்வாலாக்களுக்கு தீபாவளி. எங்க செக்ரட்டரி சொன்னாரு, இடிக்கிற கான்ட்ராக்டருக்கு பில்டர் காசு குடுக்கிறது இல்லையாம், கான்ட்ராக்டர்தான் பில்டருக்கு காசு குடுத்துட்டு இடிக்கிறாராம், உள்ள இருக்கிற கம்பி, கிரில், குழாய் எல்லாம் அவருக்கு. நான் கூட முதல்ல நம்பல.

அதுல நான் பண்ண முட்டாள்தனம் என்னன்னா மூணு சீலிங் ஃபேனை ஒரு வண்டிக்காரனுக்கு ஒண்ணு 120 ரூபாய்னு குடுத்துட்டேன். வாடகை வீட்டுக்கு புதுசா கரண்ட் கம்மியா இழுக்குற பி.எல்.டி.சி. ஃபேன் வாங்கியாச்சு, பழசு 75 வாட் இழுக்கும் புதுசு 30 வாட்தான்னு வீட்டம்மா கணக்கு போட்டு வாங்குனது, அதனால பழசை எங்க வைக்கிறது. 360 ரூபாய் கைல வந்ததும் சந்தோஷமா வடாபாவ் வாங்கிட்டு மேல போனேன். நாலாவது ஃபேன் பெட்ரூம்ல கொக்கிலேருந்து கழட்ட முடியாம மாட்டிக்கிட்டதால தப்பிச்சுது, ஞாயித்துக்கிழமை தாராவிக்கு மாமா கடைக்கு போறப்போ அதை ஆட்டோல வச்சு எடுத்துட்டு போனேன்.

மாமான்னா அம்மாவோட சொந்த தம்பி. ஸ்ரீவைகுண்டம் பக்கத்துல ஒரு கிராமம், பதினாறு வயசுல ரயிலேறி தாதர்ல இறங்கி தாராவிக்கு வந்தவரு. தாராவில நம்மாளுங்க, அதுலயும் திருநெல்வேலி பக்கத்துக்காரங்க, வந்தது தோல் பதனிடுற வேலைக்கு, அந்தக் கதை நூறு வருஷத்துக்கு மேல. மாமா வந்தப்போ தோல் வேலை குறைஞ்சுக்கிட்டு இருந்துச்சு, அதனால எண்ணெய் டின் வேலைல சேந்தாரு. 15 கிலோ டின் இருக்குல்ல, அதை வாங்கி சுடுதண்ணில கழுவி சுத்தியல்ல தட்டி நெளிவெடுத்து மறுபடியும் எண்ணெய் மில்லுக்கே விக்கிறது. இப்போ 13வது காம்பவுண்டு பக்கம் சொந்தமா ஒரு காலா வச்சிருக்காரு, காலான்னா ஒரு நீளமான ரூம், முன்னாடி தராசு, பின்னாடி மலை மலையா மால், அதாவது பழைய உலோகச் சாமான். அவர்கிட்ட நாலு பேரு வேலை, ரெண்டு பேரு உ.பி., ஒருத்தர் பீகார், ஒருத்தர் நம்ம சங்கரன்கோவில்.

ஃபேனை கீழ வச்சதும் மாமா கேட்ட முதல் கேள்வி, "மருமவனே, மத்த மூணு எங்கலே?"

சொன்னேன்.

"நூத்தியிருவதா?" ன்னு கேட்டுட்டு சங்கரன்கோவில் அண்ணனை பாத்து சிரிச்சாரு, அவரும் சிரிச்சாரு, உ.பி. பையனுக்கு தமிழ் தெரியாது ஆனா அவனும் சிரிச்சான். "படிச்சவம்லா நீ, என்கிட்ட ஒரு போன் அடிக்கக் கூடாதா?"

அதுக்கப்புறம் நடந்ததுதான் இந்த போஸ்ட்டுக்கே காரணம். மாமா அந்த ஃபேனை என் கண்ணு முன்னாடி பிரிச்சு காட்டுனாரு.

முதல்ல காந்தம். இந்த தொழில்ல எல்லாரு பாக்கெட்லயும் ஒரு காந்தம் இருக்கும், பழைய ஸ்பீக்கர்லேருந்து எடுத்தது. இறக்கைல வச்சா ஒட்டல, அப்போ அலுமினியம். சில கம்பெனி ஃபேன்ல இறக்கை தகரமா இருக்கும், பெயின்ட் அடிச்சிருந்தா கண்ணுக்கு ஒண்ணும் வித்தியாசம் தெரியாது. அப்புறம் நடுவுல இருக்கிற மோட்டார் மூடி ரெண்டு, அதுவும் அலுமினியம்தான் ஆனா இறக்கை மாதிரி தகடு இல்ல, வார்த்தது. உள்ள ஸ்டேட்டர், அதாவது மெல்லிசு மெல்லிசா சிலிக்கான் ஸ்டீல் தகடு அடுக்கி அதுல செம்புக் கம்பி சுத்துனது. அந்தக் கம்பியை கத்தியால லேசா சுரண்டி பாத்தாரு. ஏன் மாமான்னு கேட்டா, சீப் ஃபேன்ல அலுமினிய கம்பிக்கு செம்பு கலர் வார்னிஷ் போட்டு சுத்தியிருப்பான், வெளிய பாத்தா அப்படியே செம்பு மாதிரி இருக்கும், சுரண்டுனா உள்ள வெள்ளையா இளிக்கும். எங்க அப்பா வாங்குன ஃபேன் இளிக்கல. அப்பா வாழ்க.

உளிய வச்சு வைண்டிங்கோட ஒரு பக்க தலையை வெட்டிட்டு மறுபக்கம் கொக்கி போட்டு இழுத்தான் உ.பி. பையன், கொத்து கொத்தா செம்பு வெளிய வந்துச்சு, முடி பின்னலை உருவுற மாதிரி. மொத்தம் பத்து நிமிஷம். தராசுல தனித்தனியா வச்சு மாமா எழுதுனாரு: செம்பு 350 கிராம், தகடு அலுமினியம் 900 கிராம், வார்ப்பு அலுமினியம் 800, இரும்பு ரெண்டு கிலோ. அன்னைய ரேட்டுக்கு செம்பு 245 ரூபாய், தகடு 153, வார்ப்பு 112, இரும்பு 60. கூட்டுனா 570.

அப்போ நான் மூணு ஃபேன்ல கிட்டத்தட்ட 1,350 ரூபாயை கேட்டுக்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். ஆனா அது இல்ல விஷயம், அந்த வண்டிக்காரன் தப்பும் இல்ல, அவன் வெயில்ல தள்ளிட்டு போயி ஒரு கடைல போட்டு அந்த கடைக்காரன் இன்னொருத்தனுக்கு போட்டு எல்லாரும் அதுல சாப்பிடணும். என் மண்டைல ஓடுனது வேற. ஃபேன் அதே ஃபேன், எடை அதே எடை. பிரிக்காம இருந்தா 120, பிரிச்சா 570. நடுவுல நடந்தது பத்து நிமிஷ உளி வேலை. ஸ்க்ராப் ரீசைக்கிளிங் சுற்றுச்சூழலுக்கு நல்லதுன்னு எல்லா இடத்துலயும் எழுதுறாங்க, அதுல உலை இருக்கும், பச்சை கலர் அம்புக்குறி இருக்கும், இந்த உளி இருக்காது. ஆனா நல்லது எல்லாம் இந்த உளி கிட்டதான் ஆரம்பிக்குதுன்னு எனக்கு அன்னைக்குத்தான் புரிஞ்சுது.

அலுமினியத்தை எடுத்துக்கோங்க. நாலஞ்சு கிலோ பாக்சைட் தோண்டுனாதான் ஒரு கிலோ அலுமினியம் கிடைக்கும், மிச்சம் செம்மண் சகதியா காரத்தோட நிக்கும். நம்ம சேர்வராயன் மலைலயும் கொல்லிமலைலயும் பாக்சைட் வெட்டி மேட்டூருக்கு கொண்டு போனாங்களே, அந்த சிவப்பு சகதி மேடு மேட்டூர்காரங்களுக்கு நல்லாவே தெரியும். அதுக்கப்புறம் கரண்ட். ஒரு கிலோ அலுமினியம் எடுக்க ஸ்மெல்டர்ல மட்டும் 14 யூனிட் கிட்ட போகும். பழைய அலுமினியத்தை 660 டிகிரில உருக்குனா போதும், சுமார் 95 சதவீதம் எனர்ஜி மிச்சம். நான் அங்கயே உக்காந்து போன்ல கணக்கு போட்டேன்: எங்க ஃபேன் இறக்கை 900 கிராம், அதுல மிச்சமாகுறது 12 யூனிட்டுக்கு சமம், 75 வாட் ஃபேன் அதுல 160 மணி நேரம் ஓடும். அதாவது இறக்கையை குப்பைல போடாம உருக்குனா, மிச்சமாகுற கரண்ட்ல அதே ஃபேன் கிட்டத்தட்ட ஒரு வாரம் ராப்பகலா சுத்தும். மாமாகிட்ட சொன்னேன், "அப்போ இறக்கை இல்லாம எப்படிலே சுத்தும்" னாரு.

ஆனா அவரு ஏன் தகடையும் வார்ப்பையும் தனித்தனி கோணில போட்டாருன்னு கேட்டேன், ரெண்டும் அலுமினியம்தானே. இங்கதான் மேட்டர். இறக்கை தகடு ஏறக்குறைய சுத்த அலுமினியம். மூடி வார்க்கிறதுக்கு அச்சுக்குள்ள நல்லா ஓடணும்னு சிலிக்கான் நிறைய சேத்திருப்பாங்க, நூத்துக்கு ஏழு எட்டு, சிலதுல அதுக்கும் மேல. ரெண்டையும் ஒண்ணா உருக்கிட்டா சிலிக்கானை திரும்ப வெளிய எடுக்க முடியாது, அப்புறம் அந்த அலுமினியம் ஆயுசுக்கும் வார்ப்புக்குதான் லாயக்கு, தகடாவோ கம்பியாவோ மறுபடி ஆகவே ஆகாது. தகடா வேணுங்கிறவன் புதுசா பாக்சைட் தோண்டுன அலுமினியத்தைத்தான் வாங்கணும். அப்போ மலை வெட்டுறது நிக்கணும்னா உலை மட்டும் இருந்தா பத்தாது, ரெண்டு கோணி வேணும். ரெண்டு கோணிக்கும் வித்தியாசம் தெரிஞ்ச ஆளு வேணும். சங்கரன்கோவில் அண்ணன் தட்டி சத்தத்தை வச்சே சொல்றாரு, இது தகடு இது வார்ப்புன்னு. வீட்டு அலுமினிய பாத்திரத்துக்கு மும்பைல பழைய ஆளுங்க 'ஜர்மன்'ம்பாங்க, அது மூணாவது கோணி. ஏன் ஜர்மன்னு மாமாவுக்கும் தெரியல.

இந்த தொழில்ல பேருங்களே ஒரு காமெடி. மாமா ஒரு வாட்ஸாப் குரூப்ல இருக்காரு, பெரிய வியாபாரிங்க இருக்கிற குரூப், அவரு சும்மா பாக்குறதுக்குத்தான். அதுல ஒரு நாள் "ஹனி 20 டன் ரெடி"ன்னு மெசேஜ், நான் தேன்னு நினைச்சேன். ஹனின்னா பழைய பித்தளை. பார்லின்னா சுத்தமான செம்புக் கம்பி, டென்ஸ்னா கலந்த வார்ப்பு அலுமினியம், டெயின்ட் டேபர்னா பழைய தகடு அலுமினியம். அமெரிக்கா ஸ்க்ராப் சங்கம் வச்ச பேருங்க, தந்தி அடிக்கிற காலத்துல சின்ன வார்த்தைல முடிக்கணும்னு வந்த பழக்கமாம். இன்னைக்கு உலகம் பூரா அதான் ஓடுது. தாராவில ஒரு பீகார் அண்ணன் "யே டென்ஸ் ஹை"ன்னு சொல்லி அலுமினியத்தை தூக்கிப் போடுறாரு, அவருக்கு அது அமெரிக்கா வார்த்தைன்னு தெரியாது, தெரிஞ்சும் ஒண்ணும் ஆகப் போறது இல்ல. ரேட்டும் அப்படித்தான், செம்பு ரேட்டு லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச்ல ஏறி இறங்கும், 1877லேருந்து இருக்கிற எக்ஸ்சேஞ்ச், அங்க ரேட்டு அசைஞ்சா மும்பை உலோக மார்க்கெட்டான கீகா ஸ்ட்ரீட் வியாபாரிங்க வழியா மறுநாள் காலைல தாராவி தராசு அசையும்.

இரும்புக்கு வருவோம். இரும்புதான் எடைல பெருசு, காசுல சிறுசு. மாமா கடை இரும்பு லாரில ஏறி பெரிய யார்டுக்கு போகும், அங்கேருந்து நிறைய மால் ஜால்னாவுக்கு. மும்பைலேருந்து 400 கிலோமீட்டர் கிட்ட, மராத்வாடால, கட்டடக் கம்பி செய்யிற மில்லுங்க வரிசையா இருக்கிற ஊர். இண்டக்‌ஷன் ஃபர்னஸ்ல உருக்கி கம்பியா இழுத்து திரும்ப மும்பைக்கே அனுப்புவாங்க. எங்க ஜன்னல் கிரில் எங்க புது பில்டிங்குக்கே கம்பியா வந்தாலும் வரலாம், யாரு கண்டா.

ஸ்டீல் அமைச்சகம் 2019ல ஸ்க்ராப் பாலிசின்னு ஒண்ணு போட்டாங்க, அதுல இருக்கிற கணக்கு: ஒரு டன் பழைய இரும்பு யூஸ் பண்ணா 1.1 டன் இரும்புத்தாது, 630 கிலோ கோக்கிங் நிலக்கரி, 55 கிலோ சுண்ணாம்புக்கல் மிச்சம், தண்ணி 40 சதவீதம் கம்மி, புகை 58 சதவீதம் கம்மி. எங்க பில்டிங்ல எல்லா வீட்டு கிரில், டேங்க் ஸ்டாண்டு, கேட் எல்லாம் சேத்து தோராயமா ரெண்டு டன்னுனு வச்சுக்கோங்க, ஒண்ணே கால் டன் நிலக்கரி எரியாம மிச்சம். நம்ம நாட்டுக்கு கோக்கிங் நிலக்கரி நிறைய ஆஸ்திரேலியாலேருந்து கப்பல்ல வருது, அந்தக் கப்பல் புகை தனி.

இங்கயும் அதே கோணிப் பிரச்சனைதான். ஃபேன் ஸ்டேட்டர்ல செம்பை முழுசா உருவாம அவசரத்துல இரும்போட போட்டுட்டா என்ன ஆகும்? உலைல அலுமினியம் கலந்தா அது எரிஞ்சு கசடா மேல மிதக்கும், வழிச்சு போட்டுருவாங்க, அலுமினியம் வீணா போச்சு ஆனா இரும்புக்கு கெடுதல் இல்ல. செம்பு அப்படி இல்ல. இரும்பை விட லேட்டாத்தான் ஆக்சிஜனோட சேரும், அதனால செம்பை எரிச்சு விரட்டணும்னா அதுக்கு முன்னாடி இரும்பே எரிஞ்சு போயிரும். உள்ள போன செம்பு உள்ளதான். அளவுக்கு மீறுனா பழுக்க காய்ச்சி உருட்டுறப்போ கம்பி மேல வெடிப்பு விடும். அப்போ என்ன பண்ணுவாங்க, புதுசா தாதுலேருந்து எடுத்த இரும்பை ஊத்தி நீர்க்க வைப்பாங்க. பிரிக்காத ஒவ்வொரு செம்புத் துண்டுக்கும் பின்னாடி எங்கயோ ஒரு கூடை தாது கூடுதலா தோண்டுறாங்கன்னு அர்த்தம்.

இரும்புன்னதும் மாமா சொல்ற கதை ஒண்ணு இருக்கு, விக்ராந்த் கப்பல். 1961ல நம்ம கடற்படைல சேந்தது, 71 போர்ல பேரெடுத்தது, 97ல ரிட்டயர் ஆகி கொஞ்ச நாள் மியூசியமா கஃப் பரேட் பக்கம் நின்னுச்சு, காப்பாத்த காசு இல்லேன்னு ஏலம் விட்டு 2014 கடைசில தாருகானால உடைக்க ஆரம்பிச்சாங்க. மாமா ஹார்பர் லைன்ல ரே ரோடு இறங்கி பாக்கவே போனாராம், வியாபாரத்துக்கு இல்ல, சும்மா. "எம்புட்டு பெரிய சாமான், எறும்பு மொச்ச மாதிரி ஆளுவ மேல ஏறி வெட்டுதான்" னாரு. 2016ல அந்த இரும்பை கலந்து பஜாஜ் ஒரு பைக் விட்டாங்க ஞாபகம் இருக்கா. கப்பல்ங்கிறதால அது நியூஸ். எங்க அம்மாவோட குக்கருக்கு அந்த யோகம் இல்ல.

செம்பைப் பத்தி பேச ஆரம்பிச்சா மாமா கொஞ்சம் அமைதியாயிடுவாரு. செம்புத்தாதுல நூத்துக்கு ஒண்ணு செம்பு இருந்தாலே நல்ல தாது. எங்க ஃபேன்ல இருந்த 350 கிராமுக்கு 35 கிலோ கல்லு வெட்டியிருக்கணும். அந்த தாதுல கந்தகம் இருக்கும், உருக்குறப்போ சல்ஃபர் டை ஆக்சைடு வரும், பிடிச்சு ஆசிட் ஆக்கணும், சரியா பிடிக்கலேன்னா ஊரு மூச்சு விட முடியாது. தூத்துக்குடியைப் பத்தி நான் சொல்லித்தான் தெரியணும்னு இல்ல. 2018 மே மாசம், துப்பாக்கிச் சூட்டுல 13 உயிரு. மாமா ஊருக்கும் அதுக்கும் பஸ்ல ஒரு மணி நேரம்தான். ஸ்டெர்லைட் செம்பு ஆலை மூடுனதுக்கப்புறம் செம்பு ஏற்றுமதி பண்ணிட்டு இருந்த நாடு இறக்குமதி பண்ற நாடாயிடுச்சு, அதை ஒரு குறையா சொல்றவங்க இருக்காங்க. நான் பாக்குறது வேற, பழைய செம்புல கந்தகம் இல்ல. உருவி எடுத்த கம்பியை உருக்குனா அந்தப் புகை வரவே வராது, எனர்ஜியும் சுமார் 85 சதவீதம் மிச்சம். ஊருக்கு ஊரு பரண்ல தூங்குற ஃபேன், மிக்ஸி, தண்ணி மோட்டார்னு கணக்கு பண்ணா அதுவும் ஒரு சுரங்கம்தானே.

சரி, எல்லாம் புனிதம்னு எழுதுனா பொய். செம்பை உருவுறதுக்கு பதிலா எரிக்கிறவங்க இருக்காங்க. ஒயரை குமிச்சு நெருப்பு வச்சா பத்து நிமிஷத்துல பி.வி.சி. எரிஞ்சு செம்பு கைல, உரிச்சா அரை நாள் ஆகும். அந்த கறுப்புப் புகைல டயாக்சின் இருக்கு, ஆசிட் ஆவி இருக்கு, அது முதல்ல போறது எரிக்கிறவன் நெஞ்சுக்குள்ள. எரிச்ச செம்பு கறுத்துப் போயி ரேட்டும் கம்மியாதான் போகும், அப்படியும் எரிக்கிறாங்க, ஏன்னா உரிக்கிற மெஷின் இல்ல, நேரம் இல்ல, சாயங்காலம் காசு வேணும். மாமா ஆரம்பத்துல எரிச்சிருக்காரு, அவரே சொன்னாரு, இப்போ ஒரு சின்ன உரிக்கிற மெஷின் வச்சிருக்காரு. பேட்டரி விஷயமும் அப்படித்தான், உடைச்சு ஆசிட்டை சாக்கடைல விட்டுட்டு ஈயத்தை உருக்குறது, ஈயம் பிள்ளைங்க மூளையை தாக்கும். மாமா பேட்டரியை தொடமாட்டாரு, வாங்கி அப்படியே முழுசா லைசென்ஸ் உள்ள ஆளுக்கு குடுத்துருவாரு, அதுல ரெண்டு ரூபாய் கம்மிதான்.

இன்னொரு பயம் இருக்கு, 2010லேருந்து. டெல்லி மாயாபுரில நடந்தது. டெல்லி யுனிவர்சிட்டி கெமிஸ்ட்ரி டிபார்ட்மென்ட்ல 1985லேருந்து சும்மா கிடந்த ஒரு காமா கதிர் மெஷினை பழைய இரும்போட இரும்பா ஏலம் விட்டுட்டாங்க. உள்ள கோபால்ட்-60. கடைல வாங்குனவங்க வழக்கம்போல பிரிச்சாங்க, பளபளன்னு ஏதோ உலோகம், நல்ல ரேட்டு கிடைக்கும்னுதானே நினைப்பாங்க. ஏழெட்டு பேரு ஆஸ்பத்திரில, ஒருத்தர் செத்தே போனாரு. பிரிக்கிறவன் கைக்கு என்ன வருதுன்னு அவனுக்கு யாரும் சொல்லல. படிச்சவங்க கட்டடத்துலேருந்து வெளிய வந்த சாமான் அது. அந்த நியூஸ் வந்ததுலேருந்து மாமா கடைல ஒரு ரூல், ஆஸ்பத்திரி லேப் சாமான்ல கனமா ஈயம் சுத்துன எதுவும் உள்ள வரக்கூடாது, சும்மா குடுத்தாலும் வேண்டாம். மெஷின் எல்லாம் கிடையாது அவர்கிட்ட, இந்த ரூல்தான் பாதுகாப்பு.

இவ்ளோ நல்லது பண்ற ஆளுங்களுக்கு என்ன கிடைக்குதுன்னா, வரி. 2024 அக்டோபர்லேருந்து ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவங்ககிட்ட பதிவு உள்ளவங்க உலோக ஸ்க்ராப் வாங்குனா வாங்குறவங்கதான் வரி கட்டணும்னு ஆயிருச்சு, 18 சதவீதம், அதனால தள்ளுவண்டிக்காரன்கிட்ட வாங்கவே கை நடுங்குதுன்னு மாமா புலம்புறாரு. இது தப்பா சரியான்னு எனக்குள்ள ரெண்டு வக்கீல் சண்டை போடுறாங்க, பில் இல்லாத வியாபாரத்துல திருட்டு கேபிளும் மேன்ஹோல் மூடியும் வருதுங்கிறது உண்மைதான்.

அதை விட பெரிய கவலை இடம். தாராவியும் ரீடெவலப்மென்ட்டுல மொத்தமா மாறப் போகுது, சர்வே எல்லாம் நடந்துச்சு. மாமா கேக்குற கேள்வி ஒண்ணுதான், "வீடு எத்தனாவது மாடில வேணாலும் குடுக்கட்டும் மருமவனே, மாலை எந்த மாடில கொட்ட?" பிரிக்கிறதுக்கு தரைத்தளம் வேணும், பரப்புறதுக்கு இடம் வேணும், சத்தம் போடலாம்னு இருக்கணும், லாரி வரணும். மும்பைல அந்த மாதிரி தரைக்கு என்ன விலைன்னு உங்களுக்கே தெரியும். ஊருக்கு வெளிய தூக்கிப் போட்டா தள்ளுவண்டிக்காரன் அவ்ளோ தூரம் தள்ளமாட்டான். அப்புறம் பிரிக்காம மொத்தமா அமுக்கி கட்டிப் போட்டு ஜால்னாவுக்கு அனுப்புவாங்க, செம்பு இரும்புக்குள்ள, தகடு வார்ப்புக்குள்ள. உலை எரியும், ரீசைக்கிளிங்னு கணக்குலயும் ஏறும்.

சாப்பிட்டுட்டு கிளம்புறப்போ மாமா 570 ரூபாயை எண்ணிக் குடுத்தாரு, வேண்டாம்னேன், வியாபாரம் வியாபாரம்தான்னு பாக்கெட்ல திணிச்சாரு, உளி பிடிச்ச பையனுக்கு நான் நூறு குடுத்தேன். அப்போதான் பெருமையா சொன்னேன், மாமா வீட்ல இப்போ எல்லாம் பி.எல்.டி.சி., 30 வாட்தான், நாங்களும் சுற்றுச்சூழலுக்கு நல்லது பண்றோம்னு. மாமா மூஞ்சி மாறிடுச்சு. உள்ள போயி ஒரு ஓரத்துலேருந்து செத்துப்போன ஒரு பி.எல்.டி.சி. ஃபேனை எடுத்துட்டு வந்து காட்டுனாரு. மூடிக்குள்ள சுத்தி காந்தம் பசை போட்டு ஒட்டியிருக்கு, தட்டுனா பொடிப்பொடியா உடையுது, பொடி எல்லாம் இரும்புல போயி ஒட்டிக்குது. நடுவுல ஒரு சர்க்யூட் போர்டு மேல பிசின் ஊத்தி மூடியிருக்கான். செம்பும் பழசுல இருந்த அளவு இல்ல. அவரோட ஆயுதமே பாக்கெட்ல இருக்கிற அந்த காந்தம், அதை இதுகிட்ட கொண்டு போனா மூடி அலுமினியமா தகரமான்னு பாக்குறதுக்கு முன்னாடி டப்புன்னு உள்ள இருக்கிற காந்தத்தோட ஒட்டிக்குது.

"இத பிரிக்க அரை மணி நேரம் ஆவுது, கெடைக்கது நூத்தியம்பது" ன்னாரு. "இது கெட்டுப்போச்சுன்னா இங்கன கொண்டு வராத. கேட்டுல நிக்கான்லா, அவன்ட்டயே குடுத்துரு. நூத்தியிருவது தந்தாம்னா வாங்கிட்டு ஓடியாந்துரு."